தின் கிளையன்ட் இமேஜ்: உங்களுக்கு எங்கே இடறியது?

120 தின் கிளையன்ட்டுகள் (சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்த உதவும் சின்னக் கணினிகள்) ஒரே நாளில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் 4 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம், விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி. ஒன்றை மாஸ்டராகத் தயார் செய்து, அதிலிருந்து இமேஜ் (விண்டோஸ், மென்பொருள் எல்லாம் சேர்ந்த நகல்) எடுத்து, மற்ற எல்லாவற்றிலும் ஏற்ற வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான்.

இமேஜ் எடுப்பது என்னவோ சின்ன வேலை. வின்பிஇ (விண்டோஸின் சின்ன வடிவம்) பென் டிரைவில் பூட் செய்து டிஸ்ம் என்ற இமேஜ் கட்டளையை ஓட்டினால் விம் என்ற இமேஜ் கோப்பு ஒன்று கைக்கு வந்துவிடும். வினை எல்லாம் அதற்கு முன்னால் நடக்கும் தயாரிப்பில் இருக்கிறது. முதல் தொடக்கத் திரையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி ஆடிட் மோடுக்கு (பயனர் கணக்கு உருவாக்கும் முன்பே விண்டோஸைத் தயார் செய்யும் நிலை) போனேன். விடிஐ கிளையன்ட் (சர்வரில் இருக்கும் டெஸ்க்டாப்போடு இணைக்கும் மென்பொருள்), பிரிண்டர் டிரைவர் எல்லாம் போட்டேன். ஹைபர்னேஷனை அணைத்தேன், 32 ஜிபியில் அதற்கான கோப்பு விழுங்கும் இடம் கொஞ்சமல்ல. நகலெடுக்கும் முன் அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப், முதல் தடவை பாதியில் நின்றது. சோதித்துப் பார்க்க ஒரு ஆப்பை என் கணக்கில் மட்டும் போட்டுவிட்டு மறந்திருந்தேன். பாந்தர் ஃபோல்டரில் இருக்கும் செட்டப்ஆக்ட் லாகைத் திறந்தால் அந்த ஆப்பின் பெயரே எழுதியிருக்கும். அதை நீக்கியதும் சிஸ்பிரெப் ஓடிவிட்டது. இதெல்லாம் கணக்கில் சேராத சில்லறைத் தொல்லை.

இமேஜை ஏற்றினோம். 120 பெட்டிகளையும் டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்த்தோம், கடைசியாக டிஸ்க்கில் எதுவும் நிலையாக எழுதப்படாமல் காக்கும் ரைட் ஃபில்டரை இயக்கினோம். ஒரு மாதம் எந்தப் புகாரும் இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒரு காலையில் மூன்று பேரால் உள்ளே நுழைய முடியவில்லை. டொமைனுடனான டிரஸ்ட் முறிந்துவிட்டது என்று திரையில் செய்தி. மூன்றையும் மறுபடி டொமைனில் சேர்த்தேன், சரியாகிவிட்டது. மறுநாள் ஏழு. அதற்கடுத்த நாள் பதினொன்று. கடிகாரம் தப்பாக ஓடுகிறதோ என்று பார்த்தேன். நெட்வொர்க் ஆட்களைச் சந்தேகித்தேன், அவர்கள் என்னைச் சந்தேகித்தார்கள். ஒரு வாரம் இப்படியே போனது.

துப்பு கிடைத்தது தற்செயலாகத்தான். இரவிலும் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்த நாலைந்து பெட்டிகளில் மட்டும் இந்தப் பிரச்சினை ஒரு தடவைகூட வரவில்லை. தினமும் அணைத்துப் போட்டவைதான் விழுந்தன. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. வேறு அமைப்பு எதுவும் செய்யாவிட்டால், 30 நாளுக்கு ஒரு முறை கணினியே அதை மாற்றி, டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிடம் சொல்லிவிடும். எங்கள் பெட்டிகளும் ஒழுங்காக மாற்றியிருக்கின்றன. ஆனால் ரைட் ஃபில்டர் என்பது ஸ்லேட்டுப் பலகை. பகலில் எழுதியது ரீபூட்டில் துடைந்துவிடும். கன்ட்ரோலரிடம் புது பாஸ்வேர்டு, பெட்டியிடம் பழைய பாஸ்வேர்டு, பிறகு எப்படிச் சேரும்? எல்லாவற்றையும் ஒரே நாளில் டொமைனில் சேர்க்காமல் பல நாட்களாகச் சேர்த்ததால், விழுவதும் தவணை முறையில் நடந்திருக்கிறது.

விண்டோஸின் நெட்லாகான் (டொமைன் உள்நுழைவு) அமைப்பில் பாஸ்வேர்டு மாற்றத்தையே நிறுத்திவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யுடபிள்யூஎஃப் என்ற எங்கள் ரைட் ஃபில்டரிலேயே டொமைன் ரகசியச் சாவியை (அந்தப் பாஸ்வேர்டை) மட்டும் நிலையாகச் சேமிக்கச் சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. அதை மாஸ்டரில் வைத்து இமேஜை மறுபடி எடுத்தேன். 120 பெட்டிகளையும் மறுபடி சுற்றி வந்தேன்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

*

சார், எங்களைப் படுத்தியதும் அதே ஃபில்டர்தான், வியாதி மட்டும் வேறு. மதியம் ஆனால் பெட்டிகள் அப்படியே உறைந்துபோகும். ஹெல்ப் டெஸ்கில் சொன்னால் "ரீபூட் பண்ணுங்க" என்பார்கள். ரீபூட் செய்தால் மாலை வரை ஓடும். அதனால் இதை யாரும் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஈவென்ட் லாகைப் பார்க்கலாம் என்றால், அதுவும் ஃபில்டரின் பாதுகாப்புக்குள் இருக்கும் டிரைவில்தானே எழுதப்படுகிறது! ரீபூட் செய்ததும் சாட்சியமும் சேர்ந்து போய்விடும். கடைசியில் ஒரு பெட்டியை யாரையும் தொட விடாமல், முற்பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவர்லே (ஃபில்டர், டிஸ்க்குக்குப் பதில் தற்காலிகமாக எழுதி வைக்கும் இடம்) எவ்வளவு நிறைகிறது என்று கட்டளை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓவர்லே ரேமில் இருந்தது, உச்ச அளவு 1024 எம்பி. நாங்கள் மாற்றாமல் விட்டிருந்த அளவு அது. விண்டோஸ் அப்டேட்டும் ஆன்டிவைரஸும் தினமும் அவற்றுக்கு வேண்டியதை இறக்கி அதில் கொட்டிக்கொண்டிருந்தன, நிரம்பியதும் பெட்டி உறைந்தது. இரவில் எல்லாம் துடைக்கப்படும், காலையில் அதையே மறுபடி முதலிலிருந்து இறக்கும். எத்தனை மாதம் இப்படி ஓடியதோ.

இப்போது மாஸ்டரிலேயே தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டோம், பேஜ் ஃபைலையும் எடுத்தாயிற்று. ஆன்டிவைரஸ் ஃபோல்டருக்கு ஃபில்டரில் விலக்கு உண்டு. அப்டேட் வேண்டும்போது சர்வீசிங் மோடில் (ஃபில்டரை ஒதுக்கிவைத்து அப்டேட் ஏற்றும் நிலை) போட்டு ஏற்றுகிறோம்.

*

நான் லினக்ஸ் பக்கம். உபுண்டுவை வைத்து நாங்களே செய்த தின் கிளையன்ட் இமேஜ், குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளில் எடுத்தது. முதல் பெட்டி அழகாக வந்தது. இரண்டாவதை ஆன் செய்ததும் முதலாவதின் இணைப்பு போனது. பத்துப் பெட்டிகளும் ஒரே ஐபி முகவரிக்குச் சண்டை போட்டன.

மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) வேறு வேறாகத்தான் இருந்தன, அதனால் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர்தான் கெட்டுவிட்டது என்று அடித்துச் சொன்னேன். அது கெடவில்லை. எங்கள் இமேஜில், பெட்டி அந்த சர்வரிடம் காட்டும் கிளையன்ட் ஐடி மேக் முகவரியிலிருந்து வராமல் மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து வந்தது. நான் அந்தக் கோப்பைக் காலி செய்யாமல் இமேஜ் எடுத்திருந்தேன். சர்வரின் பார்வையில் பத்துப் பெட்டியும் ஒரே ஆள்.

காலி செய்துவிட்டு "எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்" என்று மாஸ்டரை பூட் செய்தேன் பாருங்கள், அதுதான் இரண்டாவது முட்டாள்தனம். பூட் ஆனதும் புது ஐடி ஒன்றை உருவாக்கிக்கொண்டது. அதையே இமேஜாக எடுத்து, மறுபடி பத்திலும் ஏற்றி, மறுபடி அதே சண்டை. தொலைவிலிருந்து இணையும்போது பெட்டியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் பத்திலும் ஒன்றாகவே இருந்தன என்பதைப் பிறகு வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த வெட்கம் தனி.

*

என்னுடையது சின்னக் கதை. இமேஜ் ஏற்றும் ஸ்கிரிப்டில் "டிஸ்க் 0-வைத் தேர்ந்தெடு, துடை" என்று டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான டிஸ்க்பார்ட்டுக்கு எழுதி வைத்திருந்தேன். ஐம்பது பெட்டிகளில் பிசகாமல் ஓடிய ஸ்கிரிப்ட். அடுத்து வந்த வேறு மாடலில் பென் டிரைவ்தான் டிஸ்க் 0, உள்ளே இருந்த இஎம்எம்சி டிஸ்க் 1. துடைத்தது. விம் கோப்பின் ஒரே பிரதி அந்தப் பென் டிரைவில்தான் இருந்தது. வின்பிஇ ரேமில் ஓடுவதால் திரை ஒன்றும் நடக்காதது போல நின்றுகொண்டிருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

இப்போது ஸ்கிரிப்ட் முதலில் டிஸ்க்கின் அளவையும் அது யுஎஸ்பியா என்பதையும் பார்க்கும். சந்தேகம் இருந்தால் நின்றுவிடும்.

ஒரு கேள்வி: விம் தவிர எஃப்எஃப்யூ என்ற இமேஜ் வகையை யாராவது பயன்படுத்துகிறீர்களா?

*

முதலில் எழுதியவன்தான். லினக்ஸ் நண்பர் சொன்ன "ஒரு தடவை பார்த்துவிடுவோம்" ஆசை விண்டோஸிலும் அப்படியே உண்டு. சிஸ்பிரெப் முடிந்து அணைந்த பெட்டியை ஆன் செய்யும்போது பூட் மெனு சாவியைத் தவறவிட்டால், விண்டோஸ் எழுந்து முதல் தொடக்க வேலையை ஆரம்பித்துவிடும். பிறகு சிஸ்பிரெப்பை மறுபடி ஓட்ட வேண்டியதுதான். நான் இப்போதெல்லாம் பயோஸில் யுஎஸ்பியை முதலில் வைத்துவிட்டுத்தான் சிஸ்பிரெப் பக்கமே போகிறேன்.

எஃப்எஃப்யூ பற்றி: விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து டிஸ்மில் இருக்கிறது. செக்டர் செக்டராக முழு டிஸ்க்கையும் பார்டிஷன்களோடு எடுப்பதால் ஏற்றுவது வேகம், பார்டிஷன் போடுவது, பூட் கோப்புகளை எழுதுவது எல்லாம் மிச்சம். ஒரே மாடல் நூற்றுக்கணக்கில் இருந்தால் அதுதான் சரி. எங்களிடம் மூன்று மாடல்கள், மூன்று டிஸ்க் அளவுகள். அதனால் விம்மை விடவில்லை. 4 ஜிபிக்கு மேல் போனால் எஃப்ஏடி32 பென் டிரைவில் ஏறாது என்பதால் துண்டு போட வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் தொல்லை.

புது இமேஜ் எடுத்தால் இப்போது இரண்டு பெட்டிகளில் ஏற்றி, தினமும் இரவில் ரீபூட் ஆகும்படி வைத்து 45 நாள் ஓட விடுகிறேன். மேலிடத்தில் அவசரப்படுத்துகிறார்கள். இன்றைக்கு 17-ஆம் நாள்.