இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது எந்த எலும்பு?

வைகைக்கரையான்: "தட்டணு செறிந்த பிளாஸ்மாவை ஊசியாகப் போட்டால் எலும்பு இரண்டு மடங்கு வேகத்தில் வளரும், 1998-லேயே நிறுவிவிட்டார்கள்" என்று மேலூரார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தட்டணு என்பது இரத்தத்தை உறையவைக்கும் நுண்ணணு (பிளேட்லெட்); பிளாஸ்மா என்பது இரத்தத்தின் நீர்ப்பகுதி. தாடை அறுவை மருத்துவர் மார்க்ஸ் குழுவினரின் அந்த ஆய்வில், தாடையெலும்பை இழந்தவர்களுக்கு இடுப்பிலிருந்து எடுத்த ஒட்டெலும்போடு சேர்த்துத்தான் பிளாஸ்மாவை வைத்தார்கள், பிளாஸ்மா இல்லாமல் வைத்ததைவிட முதிர்ச்சி 1.62 முதல் 2.16 மடங்கு என்று கண்டது அந்த ஒட்டெலும்பில். ஒட்டெலும்பு, ஐயா!

மேலூரார்: நீங்கள் ஆய்வு படித்தவர், நான் எக்ஸ்ரே பார்த்தவன். ஐந்து மாதமாகக் கூடாதிருந்த என் மைத்துனரின் காலெலும்பு, மதுரையில் இந்தச் சிகிச்சை செய்தபின் கூடிற்று. தட்டணுவிலுள்ள வளர்ச்சிக் காரணிகள், அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்கள், எலும்புச் செல்களைப் பெருக்குவதையும் மறுப்பீர்களோ?

திருமங்கலத்தான்: முதலில் எதைச் 'செறிந்தது' என்கிறோம்? சாதாரண இரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். ஏறத்தாழ 10 லட்சம் இருந்தால்தான் செறிந்தது என்பது மார்க்ஸின் கணக்கு. மைத்துனருக்கு எண்ணிப் பார்த்தார்களா?

வைகைக்கரையான்: எண்ணிக்கை கிடக்கட்டும். ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாக இரத்தம் நிறைந்த சோதனைக்குழாயைச் சுழற்றிப் பிரிக்கிறவன் நான்: அடியில் சிவப்பணு, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, நடுவில் நகக்கண் அளவுக்கு வெளுத்த ஏடு. அந்த ஏட்டையொட்டித் திரளும் தட்டணுக்களைத் தூண்டிவிட்டால், தம்மிடமுள்ள காரணிகளில் பெரும்பகுதியை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடும். இருக்கிற செல்லை அது பெருக்கும். தாடையில் அந்தச் செல்லைக் கொண்டுவந்து கொடுத்தது ஒட்டெலும்பு.

மேலூரார்: சென்ற மழைக்காலத்தில், டெங்குவுக்குப் பப்பாளி இலைச்சாறு குடித்தால் தட்டணு ஏறும் என்று இங்கே நாள்கணக்கில் வாதாடியவர் தாங்கள்தானே? இப்போது மட்டும் ஆதாரம் கேட்கிறீர்கள்!

திருமங்கலத்தான்: நான் கேட்டதற்கு இருவருமே பதில் சொல்லவில்லை.

வைகைக்கரையான்: பப்பாளியை இழுப்பவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று பொருள். கை, கால்களின் நீளெலும்புகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 2012-இல் தேடியபோது, தேறியது 21 பேரைக் கொண்ட ஒரே ஆய்வு. மைத்துனருக்கு ஒட்டெலும்பு வைத்தார்களா, இல்லையா?

மேலூரார்: இடுப்பில் ஒரு தையல் இருக்கிறது, அது எதற்கென்று நான் கேட்கவில்லை. எலும்பு கூடியதா இல்லையா என்பதே கேள்வி.

வைகைக்கரையான்: இடுப்பில் தையலா! ஒட்டெலும்பு, ஐயா, ஒட்டெலும்பு!

மேலூரார்: எக்ஸ்ரேயை ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்துக்குக் கொண்டு வருகிறேன். கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொண்டு வாருங்கள்.