ஜார்விஸ் யாருடைய ஆள்? அவெஞ்சர்ஸ் மாளிகை பட்லர் பற்றி ஒரு விவாதம்

கொட்டாஞ்சேனைக்காரன்:
நேற்று இன்னொரு இழையில் கணக்கர் எழுதிவிட்டுப் போனதை அப்படியே இங்கே போடுகிறேன்: "ஜார்விஸ் அவெஞ்சர்ஸுக்கு விசுவாசமாக இருந்தார் என்பதெல்லாம் சும்மா கதை. அவர் ஸ்டார்க் குடும்பத்தின் சம்பளக்காரர். அந்த வீட்டில் யார் இருந்திருந்தாலும் தேநீர் ஊற்றிக் கொடுத்திருப்பார்." இதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவெஞ்சர்ஸ் என்பது மார்வெல் காமிக்ஸின் சூப்பர் ஹீரோ அணி. எட்வின் ஜார்விஸ் முதலில் ஹோவர்ட், மரியா ஸ்டார்க் தம்பதியிடம் பட்லராக, அதாவது வீட்டுப் பணியாளராக, இருந்தவர். அவர்கள் இறந்தபின் மகன் டோனியிடம், அதாவது அயர்ன் மேனிடம், இருந்தார். நியூயோர்க் ஐந்தாம் அவெனியூவில் இருந்த குடும்ப மாளிகையை டோனி அணிக்குக் கொடுத்தபோது ஜார்விஸும் அங்கேயே நின்றுவிட்டார். 1980களின் நடுவில் வந்த கதையில் பாரன் ஸீமோ என்ற வில்லனின் கூட்டம் மாளிகையைப் பிடிக்கிறது. கப்டன் அமெரிக்காவைக் கட்டிவைத்து, அவர் கண் முன்னாலேயே அந்தக் கூட்டத்து மிஸ்டர் ஹைட் ஜார்விஸைப் போட்டு அடிக்கிறான். ஜார்விஸுக்குச் சக்தியும் இல்லை, கேடயமும் இல்லை. உயிர் பிழைத்ததே பெரிது.

அப்புறம் 1987 ஜூன், அவெஞ்சர்ஸ் 280ஆம் இதழ். ஜார்விஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அந்த அணியோடு கழித்த காலத்தை நினைத்துப் பார்ப்பதுதான் கதையே. குணமான பிறகு எங்கே போனார்? திரும்பவும் அணியிடம்தான். சம்பளத்துக்கு மட்டும் வேலை செய்கிறவன் அவ்வளவு அடி வாங்கிய பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பானா?

கணக்கர்_தெஹிவளை:
என்னைத் தனி இழை போட்டுக் கூப்பிட்டதற்கு நன்றி. ஒரே கேள்வி. சம்பளம் யார் கொடுத்தது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
இவ்வளவு எழுதியதற்கு இதுதானா பதில்? அணியின் செலவைப் பார்த்தது மரியா ஸ்டார்க் அறக்கட்டளை. டோனி மாதம் முடிய உறையில் போட்டு நீட்டிய காசில் அந்த வீடு ஓடவில்லை.

கணக்கர்_தெஹிவளை:
மரியா ஸ்டார்க் யார்? டோனியின் அம்மா. அறக்கட்டளைக் காசு யாருடைய காசு? ஸ்டார்க் காசு. வீடு யாருடையது? ஸ்டார்க் வீடு. நான் கணக்குப் பார்க்கிறவன். வவுச்சரில் யார் கையெழுத்து என்றுதான் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் யார் அழுதார்கள் என்பது எனக்குத் தேவையில்லை. திரும்பவும் கேட்கிறேன், சம்பளம் யார் கொடுத்தது?

பொடியன்98:
ஜார்விஸ் கம்ப்யூட்டர்தானே? 2008ல் வந்த முதல் அயர்ன் மேன் படத்திலேயே குரல் மட்டும்தான் வரும். 2015ல் அதுவே விஷன் என்ற செயற்கை மனிதன் ஆகிவிடும். எந்த மனுசனை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, ஜார்விஸ் முதலில் தலைகாட்டியது 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' என்ற புத்தகத்தின் 1964 நவம்பர் இதழில். அதில் அவர் எலும்பும் தசையுமான ஆள். நீ சொல்லும் படம் வர நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது. ஒரு வேலைக்கார மனிதரை எடுத்துவிட்டு அவர் பெயரைச் சுவருக்குள்ளிருந்து பேசும் குரலுக்கு வைத்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வந்து இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். மனிதர் களைப்பார், வயசாகும், அடிபடுவார். குரலுக்கு அது ஒன்றும் கிடையாது. அதனால்தான் எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவே இல்லை.

பொடியன்98:
சரி சரி, கோபம் வேண்டாம் அண்ணா. 2019 அவெஞ்சர்ஸ் படத்தில் 1970ஆம் ஆண்டுக்குப் போகும் இடத்தில் ஹோவர்ட் ஸ்டார்க்குக்காகக் காரோடு நிற்பாரே, அவர்தானா? அதற்கு முன் ரி.வி. தொடரிலும் அதே நடிகர் வருவார்.

கணக்கர்_தெஹிவளை:
பொடியன் நல்ல இடத்தைத் தொட்டான். யாருடைய கார்? ஹோவர்ட் ஸ்டார்க்குடைய கார். யாருக்காகக் காத்து நிற்கிறார்? ஸ்டார்க்குக்காக. படத்திலும் ஸ்டார்க்கின் ஆள், புத்தகத்திலும் ஸ்டார்க்கின் ஆள்.

ரிஸ்வி_மருதானை:
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லோருக்கும். கொட்டாஞ்சேனை அண்ணன் 280ஆம் இதழைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறார். அந்த இதழ் யாருடையது என்பதை மட்டும் எழுதவில்லை. டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையில், கட்டுக்கு நடுவில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்தவன் நான். அட்டையின் மூலையில் தேநீர்க் கறை இருக்கும். "இரண்டு நாளில் தருகிறேன்" என்று வாங்கிப் போனவர் அண்ணன். விசுவாசத்தைப் பற்றிப் பேச முதல் அதைத் திருப்பித் தரலாமே.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ரிஸ்வி, அதை இங்கே இழுக்காதே. என்னுடைய முத்து காமிக்ஸ் பழைய மாயாவி இதழ்கள் உன்னிடம் எத்தனை இருக்கின்றன என்று நான் சபையில் சொன்னேனா? கதைக்கு வருகிறேன்.

கணக்கரே, நீங்கள் மறைக்கும் ஒரு விசயம். 1964ல் ஜார்விஸ் முதலில் வந்த கதை டோனியின் கதை இல்லை. அதே இதழின் பின்பாதியில் வந்த கப்டன் அமெரிக்கா கதை. மாளிகையில் கப்டன் தனியாக இருக்கும் நேரம், இந்த ஆளுக்குச் சக்தி ஒன்றும் இல்லை, இவன்தான் லேசான ஆள் என்று நினைத்து ரௌடிக் கூட்டம் உள்ளே வரும். ஜார்விஸ் வாசகனுக்கு அறிமுகமானதே அணிக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொள்பவராக. பிறகு அணிக்காரர் உடைத்ததைக் கூட்டினார், விடிய விடிய நடந்த கூட்டத்துக்கெல்லாம் சாப்பாடு போட்டார். டோனி இல்லாத நாட்களிலும் அதையேதான் செய்தார். யாருக்காகச் செய்தார்?

கணக்கர்_தெஹிவளை:
வேலை அது. செய்தார். சம்பளம் யார் கொடுத்தது?

இன்னொன்று. அவெஞ்சர்ஸ் 1963ல் தொடங்கிய காலத்திலிருந்தே ஜார்விஸ் கூட நின்றார் என்று நீங்கள் போன மாதம் எழுதினீர்கள். இப்போது 1964 நவம்பர் என்கிறீர்கள். எது உண்மை?

கொட்டாஞ்சேனைக்காரன்:
கதைக்குள் தொடக்கத்திலிருந்து இருந்தார், அச்சில் பிறகு வந்தார். இதுகூட விளங்காமல் காமிக்ஸ் வாசிக்கிறீர்களா?

கணக்கர்_தெஹிவளை:
விளங்குகிறது. சொன்னதை மாற்றுகிறீர்கள் என்பதும் விளங்குகிறது. 1968ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். 54, 55ஆம் இதழ்கள். மாஸ்டர்ஸ் ஆஃப் ஈவில் என்ற வில்லன் கூட்டத்துக்கு அணியைக் காட்டிக்கொடுத்தது யார்? உங்கள் விசுவாசி ஜார்விஸ்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பச்சைப் பொய். அல்ட்ரான் என்ற ரோபோ வில்லன் அவரை வசியம் செய்து வைத்திருந்தான். கிரிம்சன் கவுல் என்ற வேடத்தின் பின்னால் நின்றதும் அல்ட்ரான்தான். சுய நினைவோடு செய்யாத ஒன்றுக்கு ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்தவன் என்கிறீர்களே, இந்த நாட்டில் அந்தச் சொல்லின் பாரம் தெரிந்துதான் எழுதுகிறீர்களா? அந்தக் கதைக்குப் பிறகும் அணி அவரை வெளியே போடவில்லை. ஏன்? வேலைக்காரன் மட்டும் என்றால் அடுத்த நாளே வேறு ஆள் பிடித்திருப்பார்கள்.

பொடியன்98:
2008 காமிக்ஸில் அணிக்காரர் லூக் கேஜின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும் ஜார்விஸ்தானே? யூடியூப்பில் பார்த்தேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அது ஜார்விஸின் உருவத்தில் வந்த ஸ்க்ரல். வேற்றுக்கிரக ஆள். அசல் ஜார்விஸைப் பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். தம்பி, பாதி வீடியோ பார்த்துவிட்டு வராதே.

ஹட்டன்_மகள்:
நான் இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பக்கமும் ஆண்கள் நின்று ஒரு வேலைக்காரர் யாருக்குச் சொந்தம் என்று இழுக்கிறீர்கள்.

எங்கள் பெரியம்மா தோட்டத்திலிருந்து சின்ன வயதிலேயே கொழும்பு 7ல் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். குசினி யன்னல் ஓரத்தில் கைபிடி உடைந்த கோப்பை ஒன்று இருக்கும். அது அவருடையது. வீட்டில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள், அவரும் வேறு கோப்பையில் குடிக்கக் கூடாது. கராஜ் பக்கத்து அறையில் பாய். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் இரவு முழுக்க நெற்றியில் ஈரத்துணி மாற்றியவர் அவர்தான். அவர்கள் மெல்பேர்ன் போகும்போது ஒரு சாரியும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். "பெரியம்மா மாதிரி விசுவாசமான ஆள் கிடைக்காது" என்று வாயாரச் சொன்னார்கள். சேமலாப நிதி என்ற பேச்சே இல்லை.

1871லேயே வெள்ளைக்காரர் வீட்டுப் பணியாளரைப் பதிகிற சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். வேலையை விட்டுப் போகிறவரின் நடத்தை எப்படி என்று எழுதுகிற இடத்தில் இருந்தவர் எஜமான். உழைத்தவர் தன் எஜமானைப் பற்றி எழுத ஒரு வரி இடமில்லை. ஜார்விஸ் கதையை எழுதியவர்களும் எஜமான் பக்கத்தில் நின்றுதான் எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதர்கூடத் தன் நோவைவிட அணியைத்தான் நினைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்த இதழை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தங்கச்சி, உங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது அநியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு, இது வேறு. அந்த மாளிகையில் ஜார்விஸுக்குத் தனிக் கோப்பை வைக்கவில்லை. அணிக்காரர் அவரைக் குடும்பத்தில் ஒருவராகத்தான் பார்த்தார்கள்.

ஹட்டன்_மகள்:
தங்கச்சி என்று கூப்பிட்டுத் தட்டிக்கழிக்க வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் என்றுதான் அந்தக் கொழும்பு 7 வீட்டிலும் சொன்னார்கள். குடும்பத்தில் ஒருவர் என்றால் அணிக் கூட்டத்தில் ஜார்விஸுக்கு வாக்கு இருந்ததா? தலைவரை மாற்றும்போது அவரைக் கேட்டார்களா?

கணக்கர்_தெஹிவளை:
நன்றாகக் கேட்டீர்கள். நான் சொன்னதுதான் இது. சம்பளக்காரர்.

ஹட்டன்_மகள்:
நீங்கள் சொன்னது இது இல்லை ஐயா. சம்பளம் யார் கொடுத்தது என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எவ்வளவு கொடுத்தார்கள், அடிபட்டதற்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. என்னை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள்.

ரிஸ்வி_மருதானை:
மாண்ட்ரேக் கதையில் லொதாரை நினைத்துப் பாருங்கள். ராஜகுமாரன். சிம்மாசனத்தை விட்டுவிட்டு ஒரு மந்திரவாதியின் பின்னால் வேலைக்காரனாக அலைந்தான். சின்ன வயதில் அதைப் பெருமையாக வாசித்தோம். பிறகு வந்தவர்கள் அவனை நண்பனாக மாற்றி எழுதினார்கள். ஜார்விஸை அப்படி யாரும் மாற்றவில்லை, கடைசிவரை பட்லர்தான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
மாற்றத் தேவையில்லை! அதைத்தானே நான் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஜார்விஸ் வேறு போக்கிடம் இல்லாத ஏழை கிடையாது. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர், அங்கே குத்துச்சண்டைச் சம்பியன். வேறு வேலை கிடைக்காத ஆளா அவர்? தானே விரும்பி நின்றார். விரும்பி நிற்கிற ஒருவரைப் பார்த்து, உனக்கு யார் காசு தந்தது என்று கேட்பது அவரை அவமதிப்பது. இந்தக் கொழும்பில் எத்தனை வீட்டில், கடையில், கோயிலில், காசைவிடப் பெரிதாக நினைத்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்! அவர்களிடமெல்லாம் போய் வவுச்சர் கேட்பீர்களா? ஹைட் அடிக்கும்போது ஜார்விஸ் கெஞ்சி ஓடியிருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருந்து நேரே ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போகவில்லை என்பதைத் தாண்டி உங்களிடம் ஒருவரிடமும் பதில் கிடையாது.

கணக்கர்_தெஹிவளை:
தாராளமாகக் கேட்பேன். விரும்பி நின்றாலும் சம்பளம் வாங்கினார்தானே? வாங்கவில்லை என்று ஒரு இதழ் காட்டுங்கள். பட்மேனின் பட்லர் அல்ஃப்ரட்டைப் பாருங்கள், 1943ல் இருந்து ஒரே வீடு, ஒரே எஜமான், ஒரு குழப்பமும் இல்லை. அதை விசுவாசம் என்றால் ஏற்பேன். ஜார்விஸுக்கு அணியில் வருகிறவன் போகிறவன் எல்லாம் எஜமான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஆகா! அல்ஃப்ரட் சம்பளம் வாங்கினால் விசுவாசம், ஜார்விஸ் வாங்கினால் வெறும் வேலை. நல்ல கணக்கு. பட்மேனின் வெய்ன் வீட்டு வவுச்சரைப் பார்த்துவிட்டீர்களா?

கணக்கர்_தெஹிவளை:
பேச்சை மாற்ற வேண்டாம். சம்பளம் யார் கொடுத்தது?

பொடியன்98:
அல்ஃப்ரட்டை 2019 காமிக்ஸில் பேன் என்ற வில்லன் கொன்றுவிட்டான்.

கணக்கர்_தெஹிவளை:
அதற்கு இப்போது என்ன?

பொடியன்98:
ஒன்றுமில்லை, சொன்னேன். பட்லர்கள் பாவம்.

ஹட்டன்_மகள்:
கொட்டாஞ்சேனை ஐயா, "தானே விரும்பி நின்றார்" என்று மூன்றாம் ஆளான நீங்கள் சொல்கிறீர்கள். பெரியம்மாவும் விரும்பித்தான் நின்றார் என்று அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்கள். 280ஆம் இதழில் ஜார்விஸ் ஒரு இடத்திலாவது, என்னை ஏன் அந்த வீட்டில் தனியாக விட்டீர்கள் என்று அணியிடம் சண்டை பிடித்திருந்தால் நான் உங்களோடு நின்றிருப்பேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சண்டை பிடிக்கிற ஆள் இல்லை அவர். அதுதான் அவருடைய பெருமை. உங்களுக்கு விளங்காது என்றால் நான் என்ன செய்ய? நாளைக்கு 273இல் இருந்து 277வரை ஒவ்வொரு இதழாக எடுத்து எழுதுகிறேன். யாரும் நடுவில் வந்து கணக்குக் கேட்க வேண்டாம்.

ரிஸ்வி_மருதானை:
எழுதுங்கள் அண்ணன். 275உம் என்னுடையதுதான்.