ஜெபல் ரம் மலையில் வழி தேடிய அனுபவம்

ஜோர்தானின் தெற்கே உள்ள வாதி ரம் பாலைவனத்தில், ஜெபல் ரம் மலை மீது பாலைவன நாடோடி அரபு மக்களான பெதுயின்களைச் சேர்ந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் ஏறிய அனுபவத்தை இங்கே பகிர்கிறேன். நாட்டின் மிக உயரமான சிகரம் இதுவன்று. 1,854 மீட்டர் உயரமுள்ள ஜெபல் உம் அத் தாமி, சவூதி எல்லையையொட்டி நிற்கிறது. அதன் உச்சிக்குக் கயிறு இல்லாமலேயே சென்றுவிடலாம். அதைவிடச் சற்றே தாழ்ந்த ஜெபல் ரம்மில், ஏறுவதைக் காட்டிலும் வழியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

இம்மலையின் அடியில் கருங்கல்லும், அதன் மேல் செங்குத்தாக எழும் மணற்கல்லும் உள்ளன. மணற்கல்லில் ஊறி இறங்கும் மழைநீர் கருங்கல்லைத் தாண்டிச் செல்ல இயலாமல், இரண்டும் சேரும் மட்டத்தில் ஊற்றுகளாகக் கசிகிறது. அடிவாரத்தில் ஊர் அமைந்ததற்கு அந்த நீரே காரணம். ஆனால் ஈரமேறிய மணற்கல் வலுவிழந்துவிடும், பிடித்த விளிம்பு கையோடு பெயர்ந்து வரக்கூடும் என்பதால், மழைக்குப் பின் பாறை நன்கு உலரும்வரை எவரும் ஏறக் கூடாது.

1984இல் பிரிட்டிஷ் பாறையேறி டோனி ஹோவர்டும் அவருடைய தோழர்களும் இங்கே வந்து பாறையேற்ற வழிகளைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, அவற்றுள் பல ஏற்கெனவே பெதுயின் வேட்டைக்காரர்களின் வழிகளாக இருந்தன. ஐபெக்ஸ் என்னும் மலையாட்டைத் துரத்திச் சென்ற அவர்கள், இன்றும் கயிறு கட்டி ஏறுவோர் தயங்கும் இடங்களை எந்தக் கருவியும் இல்லாமல் கடந்திருக்கிறார்கள். ஷேக் ஹம்தான் வழி, ஹம்மாத் வழி என்ற பெயர்களே அதற்குச் சான்று. அவற்றை ‘கண்டுபிடிக்கப்பட்ட’ வழிகள் என்று சிலர் எழுதுவது எனக்கு உவப்பானதன்று.

எங்கள் வழிகாட்டி பாறையேற்றக் கையேட்டை ஒருமுறைகூடத் திறக்கவில்லை; அவருடைய கண் பாறையின் நிறத்தின் மேலேயே இருந்தது. பாலைவனப் பாறைகளின் மேற்பரப்பில் இரும்பும் மாங்கனீசும் கலந்த கரும்பூச்சு நெடுங்காலமாகப் படிகிறது. மனிதர் மிதித்துத் தேய்ந்த இடங்களில் மட்டும் அது மங்கி, உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரிகிறது. செங்குத்தான பிளவுகளுக்குள் படியாகச் செருகப்பட்ட கற்களையும் அவர் காட்டினார். வழியடையாளமாக அடுக்கப்பட்ட கற்குவியல்களை மட்டும் அவர் முழுதாக நம்பவில்லை. வழி தவறியவர்களும் கல் அடுக்கிவிட்டுப் போகிறார்கள் என்று சிரித்தார்.

உண்மையான சோதனை மேலே சென்ற பிறகே தொடங்கியது. உச்சிப்பகுதி முழுவதும் வெளிறிய குவிமாடங்களும் அவற்றுக்கிடையே ஆழமான பிளவுகளும் நிறைந்திருப்பதால், ஒரு மேட்டைச் சுற்றி வந்ததும் திசையே மாறிப்போனதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் எங்களை நிறுத்தி, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். இறங்கும்போது மலை வேறு முகம் காட்டும் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். கயிற்றில் இறங்க வேண்டிய இடங்களில் கயிற்றைக் கோப்பதற்காக முன்பு வந்தவர்கள் பாறையில் கட்டி விட்டுச்சென்ற நாடாக்கள் கிடந்தன. வெயிலில் வெளுத்துப்போனவற்றை அறுத்தெறிந்துவிட்டு எங்களுடையதைக் கட்டினோம்; ஆகவே செல்பவர்கள் உபரி நாடா எடுத்துச் செல்வது அவசியம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்றவை. மேலே ஊற்றை நம்ப முடியாது என்பதால் குடிநீர் முழுவதையும் சுமந்தே செல்ல வேண்டும். இருட்டிவிட்டால், தேய்ந்த பாறைக்கும் தேயாத பாறைக்கும் உள்ள நிறவேறுபாடு நெற்றிவிளக்கின் ஒளியில் தெரியாது என்று அவர் எச்சரித்ததால், நண்பகலுக்கு முன்பே இறங்கத் தொடங்கினோம்.