கலைச்சொல் தேவை: மண்நா? நிலநாக்கு?

வணக்கம். டிரைக்கோகுளோசம் என்ற பூஞ்சைப் பேரினத்தில் வெப்பமண்டலக் காட்டிலிருந்து வந்துள்ள புதிய சிற்றினத்தின் விவரிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்கள் வேண்டும். 'எர்த் டங்' எனப்படும் நாக்கு வடிவப் பூஞ்சைகளுக்குப் பொதுப்பெயர் ஒன்று; மேற்பரப்பில் மயிர்போலத் துருத்தி நிற்கும் 'சீட்டா' என்ற உறுப்புக்கு ஒன்று. முதலாவதற்கு 'மண்நா' என்று எழுதியிருக்கிறேன். 1794இல் பூஞ்சையியலாளர் பெர்சூன் இவற்றில் ஒரு பேரினத்துக்கு வைத்த ஜியோகுளோசம் என்ற பெயருக்கும் அதுதானே பொருள்?

———

> மண்நா

புணர்த்தாமல் எழுதக்கூடாது ஐயா. நன்னூல் 237: ணகர ளகரங்களின் முன் நகரம் ணகரமாகும். மண்+நா மண்ணா ஆகிவிடும்; "மண்தானா?" என்ற வினாவாகத்தான் படிப்பார்கள். நாக்கு என்று நீட்டினால் மண்ணாக்கு, அது ஏவல் வினை. நிலம்+நா என்றால் மகரம் கெட்டு நிலநா. சிக்கல் இல்லை.

———

நாக்கை விட்டுவிட்டு, காளானைக் குறிக்கும் பழஞ்சொல்லான ஆம்பியைப் பாருங்கள். புறநானூறு 164இல் எரியாத அடுப்பில் ஆம்பி பூக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் புழற்காளாம்பி. அந்தக் 'காள்' கருமையே: காளம், காளமேகம். நம் பூஞ்சையும் அடிமுதல் நுனிவரை கருப்பு. நா+ஆம்பி, வகர உடம்படுமெய் பெற்று நாவாம்பி. சங்கச் சொல் இருக்க நிலத்தை ஏன் இழுக்க வேண்டும்?

———

> அந்தக் 'காள்' கருமையே

ஏற்க முடியவில்லை. அந்த அடிக்கு முன்னடியையும் படியுங்கள்: சிதல், அதாவது கறையான், அரித்த பூழியில் பூத்தது அது. கறையான் புற்றில் எழும் காளான்கள் பெரும்பாலும் வெளிர்நிறம். தவிர, ஆம்பி என்றால் குடை நினைவுக்கு வரும். இவற்றில் குடையும் இல்லை, செவுளும் இல்லை. வித்திகள் (இனம்பெருக்கும் நுண்துகள்கள்) பைக்குள் உருவாகின்றன. மைக்ரோகுளோசம் என்ற பேரினத்தில் பச்சை நாக்குகளும் உண்டு, அவை வேறு குடும்பம். ஆகவே பொதுப்பெயர் வடிவத்தை மட்டும் சொல்லட்டும், நிறத்தையும் உறவையும் சொல்ல வேண்டாம்.

சீட்டாவுக்கு 'மயிர்' போதும். 1885இல் பூடியே என்ற பூஞ்சையியலாளர் பேரினப் பெயரில் டிரைக்கோ என்று சேர்த்ததும் மயிரைத்தான்.

———

மாணவரும் படிக்கும் பக்கத்தில் மயிர் என்று அச்சிடுவதா? 'முள்' என்று போடலாமே. தடித்த சுவர், பழுப்பு நிறம், கூர்நுனி எல்லாமே முள்ளுக்குத்தான் பொருந்துகின்றன.

———

> முள்

பேரினத்துக்கு அதை ஏற்றினால் முள்+நா முண்ணா. அதே 237. யாருக்குப் புரியும்? 'கூர்மயிர்' என்று வையுங்கள். மயிரிழையில் தப்பினான் என்று எல்லாரும்தான் எழுதுகிறோம் அம்மா, அந்தச் சொல்லை நாமே கைவிட வேண்டாம்.

———

சொல்லைவிடப் பெரிய பிழை ஒன்று வரைவில் இருக்கிறது. "15 அறைகள் கொண்ட வித்தி" என்று உள்ளது. மூலம் சொல்வது 15 குறுக்குச்சுவர். அப்படியானால் அறைகள் 16. இதே பேரினத்தின் ஹிர்சூட்டம் என்ற சிற்றினத்துக்கு வழக்கமாக 15 சுவர். ஆக்டோபார்ட்டிட்டம் என்ற சிற்றினத்தின் பெயர் எட்டுப் பகுதி என்கிறது, சுவரோ ஏழுதான். இந்தப் பேரினத்தில் சிற்றினத்தைப் பிரிப்பதே இந்த எண்ணிக்கை என்பதால் ஒன்று பிசகினாலும் வேறு சிற்றினம் ஆகிவிடும்.

'முதிர்ந்த' என்ற அடைமொழியையும் விடாதீர்கள். பைக்குள் இருக்கும் இளவித்திகள் நிறமற்றவை, சுவர்களும் குறைவு. அவற்றை எண்ணினால் சிற்றினத்தை அடையாளங்காணும் எந்தத் திறவுகோலும் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். பையிலிருந்து தாமே வெளியேறிய பழுப்பு வித்திகளை எண்ண வேண்டும் என்று மூலத்தில் இருக்கும் வரி தமிழில் காணவில்லை.

———

திருத்திவிட்டேன், நன்றி. பொதுப்பெயர் 'நிலநாக்கு' (நிலநா குழந்தைகளுக்கு எட்டாது), உறுப்பு 'கூர்மயிர்', பேரினப் பெயர் ஒலிபெயர்ப்பாகவே. பெரும்பாலோர் இதற்கு இசைவதால் இப்படியே அனுப்புகிறேன்.

———

என் இசைவு இல்லை. ஜியோ என்பது இங்கே மண். நிலம் என்றால் வயலும் மனையும் நினைவுக்கு வரும். அடுத்த பதிப்பிலாவது நாவாம்பியைக் கருதுங்கள். காளாம்பிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.