ஹெட்ஜிங்: காப்பா, வேலியா, ஈடுகட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விலை ஏற்ற இறக்கத்தால் வரும் இழப்பை எதிர்ப்பக்கமாக இன்னொரு ஏற்பாடு செய்து சரிக்கட்டுவதுதான் ஹெட்ஜிங். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்திருக்கும் சொற்கள் மூன்று: வேலியிடல், இடர்த் தடுப்பு, இழப்புக் காப்பு. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலியை முதலிலேயே தள்ளிவிடலாம். ஆங்கிலச் சொல்லுக்குப் புதர்வேலி என்று ஒரு பொருள் இருப்பதால் நாமும் வேலி கட்டவேண்டியதில்லை. ‘டாலர் வரவுக்கு வேலியிட்டோம்’ என்றால் கணக்குப் பிரிவில் ஒருவருக்கும் விளங்காது. (ஹெட்ஜிங் என்ற பெயரில் சூதாடுகிறவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும், பயிரை மேய்ந்த வேலி கைகொடுக்கும்.) இடர்த் தடுப்பும் சரியில்லை. செலாவணி விலை ஏறி இறங்குவதை யார் தடுக்க முடியும்?

இழப்புக் காப்புதான் உண்மையான போட்டி. நானே பல வருடம் அதைத்தான் எழுதினேன். ஒரு பயிற்சி வகுப்பில் ஏற்றுமதியாளர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வரவேண்டிய டாலரை அவர் வங்கியிடம் ஃபார்வர்டில், அதாவது விலையை முன்பே பேசி முடித்து, விற்றிருந்தார். தவணை நாளில் டாலர் ஏறியிருந்தது. “காப்புன்னுதானே சொன்னீங்க? வெளியில விலை ஏறியிருக்கு, பேங்க்ல பழைய விலைதான் தர்றாங்க. இது காப்பா, நஷ்டமா?” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. சொல்தான் அவரை ஏமாற்றியது.

காப்பு என்றதும் மனசு காப்பீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே பிரீமியம் கட்டுகிறோம். விபத்து நடந்தால் பணம் வரும், நடக்காவிட்டால் கட்டின பிரீமியம் மட்டும் போகும். ஃபார்வர்டில் பிரீமியம் என்று முன்கூட்டி எதுவும் கட்டுவதில்லை. ஆனால் சந்தை எந்தப் பக்கம் போனாலும் பேசிய விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இழப்பு போகிற வாசல் வழியாகவே ஆதாயமும் போய்விடுகிறது. காப்பீடு மாதிரி நடப்பது ஆப்ஷன்தான்; அதில் பிரீமியம் கட்டி, வேண்டுமானால் மட்டும் பேசிய விலைக்கு விற்கவோ வாங்கவோ உரிமை பெறுகிறோம். காப்பு என்ற சொல்லை அதற்கென்று எடுத்துவைத்துவிடலாம்.

லுஃப்தான்சா கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985 தொடக்கத்தில் அந்த விமான நிறுவனம் 20 போயிங் 737 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. விலை 50 கோடி டாலர். பணம் தரவேண்டியது ஒரு வருடம் கழித்து. அப்போது ஒரு டாலர் சுமார் 3.2 ஜெர்மன் மார்க். பாதித் தொகைக்கு, அதாவது 25 கோடி டாலருக்கு, ஏறத்தாழ அந்த விலையிலேயே ஃபார்வர்டு எடுத்தார்கள், மீதிக்கு எதுவும் எடுக்காமல் சந்தைப் போக்கில் விட்டுவிட்டார்கள். வருடம் திரும்பியபோது டாலர் சுமார் 2.3 மார்க்குக்கு விழுந்திருந்தது. ஃபார்வர்டு எடுத்த பாதிக்கு 80 கோடி மார்க் ஆயிற்று. எடுக்காமல் இருந்திருந்தால் 57.5 கோடியில் முடிந்திருக்கும். ‘22.5 கோடி மார்க் நஷ்டம்’ என்று கண்டனம் கிளம்பியது.

ஆனால் ஒப்பந்தத்தில் போன அதே 22.5 கோடிதான் விமானத்தின் மார்க் விலையில் குறைந்திருந்தது. ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது; ஆரம்பத்தில் போட்ட கணக்கு அப்படியே நின்றது. டாலர் ஏறியிருந்தால் இதுவே தலைகீழாக நடந்திருக்கும். இந்த வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறதே: ஈடுகட்டுதல். என் பரிந்துரை அதுதான். பெயராக, ஈடுகட்டு.

எந்தக் கலைச்சொல்லையும் வினையாக ஓட்டிப் பார்க்காமல் ஏற்கக்கூடாது என்பது என் பிடிவாதம். ‘பாதி வரவை ஈடுகட்டிவிட்டோம்’, ‘ஈடுகட்டாத பாக்கி எவ்வளவு?’, ‘ஈடுகட்டு விகிதம்’. தடையில்லாமல் ஓடுகிறது. டாலரில் சம்பாதிக்கும் நிறுவனம் டாலரிலேயே கடன் வாங்குவதும் ஹெட்ஜிங்தான். அதில் ஃபார்வர்டு ஒப்பந்தமே கிடையாது. அதையும் ‘இயல்பு ஈடுகட்டு’ என்று சொல்லிவிட முடிகிறது.

ஒரு குறை உண்டு. ஈடு என்றால் அடமானம் என்ற பொருளும் இருக்கிறது. ஃபார்வர்டுக்கு வங்கி பிணை கேட்கும்போது ‘ஈடுகட்டுக்கு ஈடு’ என்று எழுத நேரும். அந்த இடத்தில் பிணை என்றே எழுதிவிட்டால் தீர்ந்தது.

அடுத்து ஃபார்வர்டு. ‘முன்னோக்கு ஒப்பந்தம்’ என்பதை விட்டுவிடுவோமே. ஒப்பந்தம் எதையும் நோக்குவதில்லை. விலையை இன்றே பேசி முடிக்கிறோம், கைமாறுவது பிறகு. முன்பேரம் அதை அப்படியே சொல்கிறது. பத்திரிகைகளில், எக்ஸ்சேஞ்சில் வாங்கி விற்கும் ஃபியூச்சர்ஸுக்கும் முன்பேர வர்த்தகம் என்றே எழுதுகிறார்கள் என்பது தெரியும். ஆனால் பேரம் என்றால் எதிரே ஒரு ஆள் வேண்டும். நாமும் வங்கியும் உட்கார்ந்து, நமக்கு வேண்டிய தொகைக்கும் தேதிக்கும் விலை பேசுவது ஃபார்வர்டில்தான். ஃபியூச்சர்ஸில் அளவும் தேதியும் சந்தை நிர்ணயித்தது, லாப நஷ்டம் தினமும் தீர்க்கப்படுகிறது, எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாது. அதை ‘சந்தைத் தவணை ஒப்பந்தம்’ என்று பிரித்துவிடலாம்.

முன்பேர விலை வங்கியின் ஆரூடம் அல்ல என்பதையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். டாலரின் இன்றைய விலை 100 ரூபாய், உள்நாட்டு வட்டி 6%, டாலர் வட்டி 2% என்றால் ஒரு வருட முன்பேர விலை 103.92 சுமாருக்கு வரும். 100-ஐ 1.06-ஆல் பெருக்கி 1.02-ஆல் வகுத்தது, அவ்வளவுதான். இந்த 3.92-ஐயும் பிரீமியம் என்றே அழைப்பதால் காப்பீட்டுக் குழப்பம் மறுபடி வாசலில் நிற்கிறது. ‘முன்பேர ஏற்றம்’ போதும்; குறைந்தால் ‘முன்பேர இறக்கம்’.

டாலரைக் கைமாற்றாமல் வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும் என்.டி.எஃப். (நான்-டெலிவரபிள் ஃபார்வர்டு)தான் இன்னும் பிடிபடவில்லை. ‘ஒப்படைப்பற்ற முன்பேரம்’ என்றால் ஆங்கிலம் துருத்துகிறது. ‘வித்தியாச முன்பேரம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கருவூலப் பிரிவில் இருப்பவர்கள் வாயில் அது நுழைகிறதா என்று சொல்லுங்கள்.