அடினியம் கிழங்கு அமுங்குகிறது: அழுகலா, தாகமா?

சபாபதி, சிதம்பரம் | நவம்பர் 16, காலை 7.10

வணக்கம். என் வீட்டு மாடியில் ஒரே ஒரு அடினியம் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் என் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாள். சாலையோர நாற்றுப் பண்ணையில் 350 ரூபாய். பாலைவன ரோஜா என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்போது அடிக்கிழங்கு எலுமிச்சம்பழ அளவு. இப்போது ஒரு கைக்குள் அடங்காது. அடுக்கடுக்காகச் சிவப்புப் பூ. மகள் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தால் முதலில் செடியைக் காட்டச் சொல்வாள், பிறகுதான் என் முதுகுவலியை விசாரிப்பாள்.

அந்த முதுகுவலிதான் இந்தக் கதையின் தொடக்கம். செடி இருப்பது 12 அங்குல சிமெண்ட் தொட்டி. ஐப்பசி மழை பிடித்ததும் மற்ற தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட்டேன். இதை அசைக்க முடியவில்லை. ஒன்பது நாள் விட்டு விட்டு நனைந்தது. இலைகள் மஞ்சளாகி ஒரு வாரத்தில் அத்தனையும் உதிர்ந்துவிட்டன. நேற்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் மண்ணை ஒட்டிய இடம் கனிந்த சப்போட்டா போல உள்ளே போகிறது. மேற்குப் பக்கம் கல்.

குழப்பம் என்னவென்றால், இதே செடி சித்திரையிலும் இப்படி அமுங்கியது. பாலைவனச் செடிதானே என்று கத்திரி வெயிலில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இலை சுருங்கி, கிழங்கு தொளதொளவென்று ஆகிவிட்டது. இரண்டு நாள் தொடர்ந்து ஊற்றியதும் தேறியது. அந்த ஞாபகத்தில் நேற்றும் இரண்டு குவளை ஊற்றிவிட்டேன். ஊற்றிய பிறகுதான் சந்தேகம் வந்தது. மனைவி ஏதோ வாடை வருகிறது என்கிறாள். என் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. அதற்கு 34 வருடத் தபால் மூட்டைத் தூசி காரணம்.

பொங்கலுக்கு மகள் வருகிறாள். இது அழுகலா, தாகமா? கத்தி வைக்க வேண்டுமா?

ரமணி, திருச்சி | நவம்பர் 16, காலை 9.25

கவலை வேண்டாம் ஐயா. குளிர் நாட்களில் அடினியம் இலை உதிர்ப்பது இயல்புதான். அரிசி கழுவிய தண்ணீர் வாரம் இரு முறை விடுங்கள். எனக்கு நன்றாகத் துளிர்த்தது.

மலர்க்கொடி, தூத்துக்குடி | நவம்பர் 16, காலை 11.40

ஐயா, ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். அரிசி கழுவியதும் வேண்டாம், பருப்பு கழுவியதும் வேண்டாம். ரமணி கோபித்துக்கொள்ளக் கூடாது. இலை உதிர்வது இயல்பு என்பது சரி, ஆனால் கிழங்கு ஒரு பக்கம் மட்டும் அமுங்குவது இயல்பு இல்லை.

தாகத்தில் வாடிய கிழங்கு சுற்றிலும் ஒரே மாதிரி தளரும். காற்று இறங்கிய பந்து போல இருக்கும், தோலில் சுருக்கம் விழும், உலர்ந்திருக்கும். அழுகல் ஒரு மூலையில் தொடங்கும். மற்ற இடமெல்லாம் கல்லாக இருக்கும்போதே அந்த இடம் மட்டும் கொழகொழக்கும், தோல் நிறம் மாறும், நகத்தால் கீறினால் உரிந்து வரும். சித்திரையில் நீங்கள் பார்த்தது முதலாவது. இப்போது இருப்பது இரண்டாவது. உங்கள் மூக்கை நம்பாதீர்கள், அம்மாவின் மூக்கை நம்புங்கள்.

இன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மண்ணை உதறி, வேரைக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அடினியத்தின் பாலும் அரளிப் பாலின் குடும்பம்தான், கண்ணில் பட்டால் எரித்துவிடும். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, அமுங்கும் இடத்திலிருந்து உள்ளே உள்ளே சீவிக்கொண்டே போங்கள். நல்ல சதை முள்ளங்கி நறுக்கியது போல வெளுப்பாக இருக்கும், வெட்டியவுடன் பால் முத்து முத்தாக வரும். அழுகிய சதையில் பால் வராது. வெளுப்பான சதைக்கு நடுவே பாக்கு நிறத்தில் ஒரு புள்ளியோ கோடோ தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது. பாவம் பார்த்து அந்தப் புள்ளியை விட்டுவைத்தவர்கள் பத்து நாள் கழித்துச் செடியையே குப்பையில் போட்டிருக்கிறார்கள். நானும் அப்படிப் போட்டவள்தான்.

ஒவ்வொரு முறை சீவிய பிறகும் கத்தியைத் துடையுங்கள். முடிந்ததும் கார்பெண்டசிம், மாங்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லித் தூளைச் சிறிது நீரில் குழைத்து வெட்டில் பூசுங்கள். பிறகு செடியை மண் இல்லாமல் நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் காலமாக இருந்தால் ஒரு வாரம் போதும். இந்த ஈரக் காற்றில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், மின்விசிறி இருந்தால் நல்லது. வேரில்லாமல் செத்துவிடுமே என்று பயப்படாதீர்கள். அந்தக் கிழங்கே அதற்குத் தண்ணீர்க் குடம்.

தொட்டியில் என்ன மண் போட்டிருந்தீர்கள்? முதல் வருடம் நான் தேங்காய் நார்த் தூளும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி போட்டு 14 நாற்று வைத்தேன். ஒரே மழையில் 11 போயின. அதிலிருந்து நார்த் தூள் இருக்கும் மூட்டையைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

செல்வம், சேலம் | நவம்பர் 16, இரவு 8.15

மலர்க்கொடி அக்கா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை, நார்த் தூளைத் தவிர. பத்தில் ஒரு பங்கு இருந்தால் எங்கள் பண்ணையில் எந்தக் கேடும் வந்ததில்லை. சேலத்து வெயிலில் அதுகூட இல்லாவிட்டால் தொட்டி மதியத்துக்குள் சுட்ட ஓடாகிவிடும். கடலோரத்தில் இருப்பவர் அதைத் தவிர்த்துவிடலாம்.

நீர் வடிய மண்ணில் கலக்கும் சிண்டர், அதாவது எரிந்த நிலக்கரிக் கட்டி, சிதம்பரத்தில் கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். பழைய செங்கலை உடைத்துக் கொண்டைக்கடலை அளவுக்குச் சலித்துக்கொள்ளுங்கள். செங்கல் இரண்டு பங்கு, பருமணல் ஒன்று, செம்மண் ஒன்று, மக்கிய சாணம் அரைப் பங்கு, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. மேலே ஊற்றிய தண்ணீர் பத்து எண்ணுவதற்குள் அடியில் வர வேண்டும். வராவிட்டால் கலவை தப்பு. தொட்டிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் நீர் போதும் கிழங்கைக் கொல்ல.

அடுக்குப் பூ என்கிறீர்கள், ஆகவே அது பெரும்பாலும் ஒட்டுச் செடி. விதையில் முளைத்த குண்டுக் கிழங்கின் மேல் அடுக்குப் பூ வகையின் குச்சியை ஒட்டியிருப்பார்கள். தண்டில் ஒரு தழும்பு வளையம் தெரியும். சீவும்போது அழுகல் அந்த வளையத்தைத் தாண்டி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமலிருந்தால் பூ தப்பித்தது.

சபாபதி, சிதம்பரம் | நவம்பர் 18, மாலை 6.50

தட்டு இருந்தது. மாடித் தரை கறை படக் கூடாது என்று நானே வாங்கி வைத்த பிளாஸ்டிக் தட்டு. மழை நாள் முழுவதும் அது நிறைந்தே நின்றிருக்கிறது. ஓட்டையில் வேர் அடைத்துக்கொண்டு தொட்டிக்குள்ளும் ஒரு சிறு குளம். மண் வெறும் தோட்டத்துக் களிமண்.

பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தோம். கிழக்குப் பக்க வேர்களைத் தொட்டதும் தோல் கையோடு வந்துவிட்டது, நடுவில் நார் மட்டும் நின்றது. இத்தனைக்கும் மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கத்தியை வைத்தேன். முதல் வில்லை ஈர வெல்லம் போல இருந்தது. இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. ஐந்தாவது வில்லையில் வெளுப்புத் தெரிந்தது, பால் வரவில்லை. ஏழாவதில் ஒரு துளி பால் வந்தது. 34 வருடத்தில் ஒரு மணியார்டரைக் கொடுத்து வாங்கிய கையெழுத்தைக்கூட நான் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பார்த்ததில்லை. ஆனால் அதே வில்லையில் மலர்க்கொடி அம்மா சொன்ன பாக்கு நிறக் கோடு ஒன்று. இன்னும் இரண்டு வில்லை போயிற்று. மூன்றில் ஒரு பங்கு கிழங்கு காலி. தழும்பு வளையம் நான்கு விரற்கடை உயரத்தில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது கூடத்து மின்விசிறிக்குக் கீழே கொடிக்கயிற்றில் தொங்குகிறது. விஷப் பால் வடிவதை வீட்டுக்குள் மாட்டுவார்களா என்று மனைவி கேட்கிறாள். பேரன் தவழும் வீடு. பதில் சொல்ல யாராவது உதவுங்கள்.

பாலன், சலாலா | நவம்பர் 18, இரவு 10.05

ஐயா, மனைவி கேட்பது நியாயம். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவியது இந்தச் செடியின் சாறைத்தான். இதயத்தைத் தாக்கும் நஞ்சு. இரண்டாள் உயரத்தில் மாட்டுங்கள், சீவிய வில்லைகளைக் குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் புதையுங்கள். வெட்டு காய்ந்தால் பால் நின்றுவிடும்.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்காக. நான் வேலை செய்வது ஓமனில், தோஃபார் மலைக்குப் பக்கத்தில். உங்கள் செடி இங்கே காட்டில் தானாக நிற்கிறது. முதலில் பார்த்தபோது நம்பவில்லை. கோடையில் ஓரிலை இல்லாமல், பாறை இடுக்கில் யானைக்கால் போன்ற அடியும் உச்சியில் ரோஸ் நிறப் பூவுமாக நிற்கும். மேற்கே ஏமன், அதில் ஏடன் துறைமுகம். அடினியம் என்ற பெயரே அந்த ஊரை வைத்து வந்தது என்பார்கள். ஏமனுக்கு வந்து 1763-இல் அங்கேயே இறந்துபோன பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்ற தாவர ஆய்வாளரின் குறிப்புகள் 1775-இல் அச்சானபோது இதை அரளி இனத்தில்தான் சேர்த்திருந்தார்கள்.

சலாலாவில் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காரிஃப் என்ற சாரல் காலம். மலை முழுவதும் மூடுபனி, தூறல். அதிலும் அடினியம் சாவதில்லை, இலை விட்டுச் செழிக்கிறது. ஏனென்றால் அது நிற்பது சரிவில், வேர் பிடித்திருப்பது பாறைக் கற்களுக்கு நடுவே. தண்ணீர் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. ஆகவே பாலைவனம் என்ற பெயரை வைத்துச் சித்திரையில் பட்டினி போட்டது ஒரு தப்பு, ஐப்பசியில் குளத்தில் நிறுத்தியது இன்னொரு தப்பு. வெயிலும் இலையும் இருக்கும்போது நன்றாகக் குடிக்கும். இலை இல்லாதபோது அதற்குத் தாகம் கிடையாது.

மலர்க்கொடி, தூத்துக்குடி | நவம்பர் 19, காலை 6.30

பாலன் தம்பி சொல்வது உண்மை. மே மாதம் நான் தினமும் ஊற்றுகிறேன், மாலைக்குள் தொட்டி காய்ந்துவிடும். இதைக் கேட்டால் அடினியத்துக்கு நீரே ஆகாது என்று சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

ஐயா, நடும்போது கிழங்கை முன்பைவிட இரண்டு விரற்கடை மேலே தூக்கி வையுங்கள். வெட்டு மண்ணுக்கு வெளியே இருக்கட்டும். நட்டு ஒரு வாரம் தண்ணீர் இல்லை. தை பிறந்தபின் இலை வந்தால் அரளிப் புழுவையும் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் பருமனில் பச்சையாக, தலைப்பக்கம் நீலக் கண் போல இரண்டு புள்ளியோடு இருக்கும். இரவோடு இரவாக ஒரு செடியையே மொட்டையடித்துவிடும். என் வீட்டில் காலையில் எச்சத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், மிளகு மிளகாகத் தரையில் கிடந்தது. மருந்து வேண்டாம், கையால் எடுத்துப் போடுங்கள்.

சபாபதி, சிதம்பரம் | ஜனவரி 9, காலை 8.20

பன்னிரண்டு நாள் தொங்கியது. வெட்டு காய்ந்து, தோல் பொருக்குத் தட்டி, பழைய செருப்புத் தோல் போல ஆகிவிட்டது. செங்கல் கலவையில், அகலமான மண் தொட்டியில் நட்டேன். தட்டு இல்லை. ஒரு வாரம் கழித்து அரைக் குவளை, பிறகு வாரம் ஒரு முறை. முந்தாநாள் ஐந்து துளிர், ஒவ்வொன்றும் அரிசி அளவு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் செடியைக் காட்டினேன், வெட்டுப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு. தொட்டி ஏன் மாறியிருக்கிறது என்று மட்டும் கேட்டாள். சிமெண்ட் கனம், முதுகு தாங்கவில்லை என்றேன். பொய்யும் இல்லையே.

ஒரு சந்தேகம், செல்வம். நான்கு துளிர் தழும்பு வளையத்துக்குக் கீழேதான் வந்திருக்கிறது, மேலே ஒன்றே ஒன்று. கீழே வருவதைக் கிள்ளிவிட வேண்டுமா?

செல்வம், சேலம் | ஜனவரி 9, மதியம் 1.30

கிள்ளத்தான் வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம். கீழ்த் துளிர் நாட்டுக் கிழங்கினுடையது, விட்டால் வேகமாக ஓங்கி ஒட்டுக் கிளையை அமுக்கிவிடும். கடைசியில் ஒற்றை அடுக்கு ரோஸ் பூதான் மிஞ்சும். ஆனால் கிழங்கு மூன்றில் ஒரு பங்கு போன செடி, இலை கொடுக்கும் உணவில்தான் வேர் விட வேண்டும். மேலே இருக்கும் துளிர் விரல் நீளம் வரட்டும். அப்புறம் கீழே இருக்கும் நான்கையும் அடியோடு எடுத்துவிடுங்கள். கையுறையோடு.