யன்னல் கதவுகளைத் திசை பார்த்துத் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

கோண்டாவிலிலிருந்து:

எங்கள் பழைய வீட்டைத் திருத்தத் தொடங்கியபோது, யன்னல்களுக்கு எந்த வகைக் கதவு போடுவது என்ற கேள்விதான் கூரை வேலையைவிட அதிக வாக்குவாதத்தை உண்டாக்கியது. சுவிஸில் இருக்கும் தம்பி, அங்குள்ள வீடுகளைப் போல மோட்டாரில் ஏறி இறங்கும் அலுமினிய உருளைக் கதவுகளைப் போடும்படி வற்புறுத்தினான். குளிரை வெளியே நிறுத்தவும் அறையை முழுதாக இருட்டாக்கவும் அவை நல்லவைதான். ஆனால் மூடினால் காற்று துளியும் நுழையாத ஒரு கதவை யாழ்ப்பாணத்து ஏப்ரல் மாதத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை நினைவில் வைத்திருந்த அம்மா, "கரண்ட் இல்லாத நேரம் யன்னல் திறக்க ஆரைக் கூப்பிடுறது?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்களுக்கு வேலை செய்த தச்சர், மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டைச் சுற்றி நடந்து எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டார். வீடு முழுவதற்கும் ஒரே வகைக் கதவு என்ற எங்கள் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. மேற்கில் பிற்பகல் வெயில் தாழ்ந்து வருவதால் தாழ்வாரம் அதை மறைக்காது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரைச்சீலையால் மறைத்தாலும் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால், அதைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்றார். ஆகவே அந்தப் பக்கத்துக்கு, வெளிப்புறம் சரிந்த பலகைகளை அடுக்கிய மரக்கதவுகளைச் செய்வித்தோம். வெயில் நின்றுவிடுகிறது, காற்று வருகிறது.

தெற்குப் பக்கம் வேறு கதை. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி எழுந்து ஒவ்வொரு சாய்பலகையிலும் படிந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகத் துடைப்பதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? அங்கே, நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய பழைய நாற்சார் வீடுகளில் காண்பது போன்ற, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கதவுகள் கொண்ட யன்னலையே தேர்ந்தெடுத்தோம். கீழ்க் கதவுகளைச் சாத்தி வைத்தால் ஒழுங்கையில் போவோருக்கு உள்ளே தெரியாது, மேற்கதவுகள் வழியாகக் காற்று தாராளமாக வரும். கடைகளில் காட்டும் எந்தப் புதிய வடிவமும் இவ்வளவு எளிதாக இந்த இரண்டையும் செய்வதாக எனக்குத் தெரியவில்லை.

வாடைக் காற்றோடு மழை சாய்ந்து அடிக்கும் வடகிழக்குப் பக்கத்துக்கு மட்டும் முழுப் பலகைக் கதவு. ஆனி, ஆடியில் மரம் உலர்ந்திருக்கும்போது இடைவெளி இல்லாமல் பொருத்தினால், கார்த்திகை மழையில் அது ஊதி இறுகிக்கொள்ளும் என்று தச்சர் ஓரங்களில் சிறிது இடம் விட்டார். அதற்குப் பிறகு வந்த மாரி மழையிலும் அவை சிக்காமல் மூடித் திறந்தன.

பருத்தித்துறையிலிருந்து:

கோண்டாவில் ஐயா மரத்தைப் பற்றி எழுதியது சரியே. கடலோரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு மரத்தைவிடப் பிணைச்சலும் (கதவைத் தாங்கும் கீல்) ஆணியும்தான் பெரிய கவலை. உப்புக் காற்றுக்கு இரும்புப் பிணைச்சல் தாக்குப்பிடிக்காது. பலர் இதை அறிந்து பித்தளைப் பிணைச்சல் வாங்குகிறார்கள், ஆனால் அதை இரும்புத் திருகாணியால் பூட்டிவிடுகிறார்கள்; இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது இரும்புதான் விரைவாகக் கறள் பிடித்து அரிக்கப்படும், பிணைச்சல் பளபளவென்று இருக்கக் கதவு கழன்று தொங்கும். பித்தளைக்குப் பித்தளைத் திருகாணியே போடுங்கள். துருப்பிடிக்காத எஃகு வாங்குவதானால் 304 என்ற தரத்தைவிட 316 என்ற தரம் கடற்காற்றைத் தாங்கும், ஏனெனில் அதில் மொலிப்டினம் கலந்திருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் கதவைவிடப் பிணைச்சலில் காசு மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

மரம் வாங்கும்போது தேக்கு என்ற பெயரை மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். கறையானை எதிர்ப்பது அதன் வைரப் பகுதியே. ஓரத்தில் உள்ள வெளிறிய பகுதியை எந்த மரத்திலும் கறையான் விட்டுவைக்காது. நாங்கள் எங்கள் வளவிலேயே நின்ற முதிர்ந்த வேம்பை அறுத்து, உலரவிட்டுக் கதவு செய்தோம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது வீட்டில் யன்னல் நிலைகள்கூட இருக்கவில்லை என்பதால், இந்த முறை ஒவ்வொரு பலகையையும் அப்பா தானே நின்று பார்த்துத்தான் எடுத்தார்.

நல்லூரிலிருந்து:

ஒரு நடைமுறைச் சிக்கலை யாரும் இன்னும் சொல்லவில்லை. முன்பெல்லாம் யன்னலில் நிமிர்ந்த கம்பிகள் மட்டும் இருந்தன. கையை நீட்டி வெளிக் கதவை இழுத்துச் சாத்திக் கொழுக்கியை மாட்டலாம். இன்று டெங்குப் பயத்தால் எல்லோரும் நுளம்பு வலை அடிக்கிறோம். வலையை நிலையோடு அசையாமல் அடித்துவிட்டால், மழை வரும்போது வெளியே ஓடிப்போய்த்தான் கதவைச் சாத்த வேண்டும். எங்கள் மேல்மாடி அறையில் அதுவும் முடியாது. எனவே கதவுக்கு ஒப்பந்தம் பேசும்போதே, வலையை உட்புறமாகத் திறக்கும் தனிச் சட்டத்தில் பொருத்தித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் செய்ய நினைத்தால் நிலையை மீண்டும் செதுக்க வேண்டியிருக்கும், அந்த வேலைக்குத் தச்சர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.